சிங்க்குக்குக் கீழே கப்போர்டு ஊறி உப்பிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. சிங்க்கின் வேஸ்ட் பைப்பிலிருந்து எத்தனை நாளாகச் சொட்டியதோ, முன்னால் அரிசி டப்பாவும் பழைய பேப்பரும் அடைத்து வைத்திருந்ததால் தெரியவே இல்லை, போன வாரம் நாற்றம் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பிளம்பர் வாஷர் மாற்றிக் கசிவை நிறுத்திவிட்டார்.

அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நடுவில் பணியாரம் மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் தூளாக உதிர்கிறது. காய்ந்தால் பழையபடி ஆகிவிடும் என்று நம்பி இரண்டு நாள் டேபிள் ஃபேன் போட்டேன், நாற்றம் குறைந்ததுதான் மிச்சம்! பக்கப் பலகைகளும் கீழே நாலு விரல் உயரத்துக்கு வீங்கி, லேமினேட் பிரிந்து நிற்கிறது. கதவின் கீழ்க் கீலில் ஸ்க்ரூ பிடிக்கவே மாட்டேன் என்கிறது. நல்லவேளை, மேலே உள்ள கிரானைட்டைக் கடப்பா கல் தாங்குகிறது, அதனால் பலகையைக் கழற்றப் பயமில்லை.

வந்து பார்த்த கார்பென்டர் அண்ணன் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு தேவையா என்று சந்தேகம். அடிப்பலகைக்கு மட்டும் 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் மரைன்) பிளைவுட் போடலாமா, இல்லை பிவிசி போர்டா? பிவிசி தண்ணீரைத் தாங்கும், சரி, ஆனால் குக்கரும் எண்ணெய் டின்னும் வைத்தால் நடுவில் தொய்யாதா? அப்புறம், பக்கப் பலகையின் வீங்கிய பகுதியை மட்டும் அறுத்தெடுத்து அடியில் பிவிசி கால் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா, கதவு நேராக மூடுகிறதா? கீலுக்குப் பழைய ஓட்டையிலேயே ஃபெவிகாலும் தீக்குச்சியும் வைத்து முடுக்கலாம் என்கிறார் மாமனார், ஊறிய பலகையில் அது நிற்குமா என்றும் சொல்லுங்கள்.