மறு: அழிவுக் கடனா, அழிவு நிலுவையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் extinction debt எனப்படும் சூழலியல் கருத்துக்குத் தமிழில் 'அழிவுக் கடன்' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவுக்கு இந்த இழையில் ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. அதைச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுவதற்கு முன் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். நான் 'அழிவு நிலுவை' கட்சி.

இழையில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை மட்டும் ஒருமுறை சொல்கிறேன். ஒரு காட்டையோ புல்வெளியையோ வெட்டிச் சுருக்கினால், அதில் வாழும் இனங்கள் அன்றைக்கே போய்விடுவதில்லை. மிஞ்சிய துண்டு எத்தனை இனங்களைத் தாங்குமோ, அதைவிடக் கூடுதலாகவே கொஞ்ச காலம் இருக்கும். அந்தக் கூடுதல் பிறகு ஒவ்வொன்றாக அற்றுப்போகும். இனிமேல் ஒரு மரத்தைக்கூட யாரும் தொடாவிட்டாலும் போகும். கணக்கெடுப்பில் இன்று தென்படுகிற, ஆனால் நிலைமை இப்படியே நீடித்தால் நிலைக்காத இனங்களின் எண்ணிக்கைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். இந்தத் தாமதத்தை 1972இலேயே அமெரிக்க அறிஞர் ஜேரட் டயமண்ட் கணக்கிட்டுப் பார்த்தார். கடல்மட்டம் உயர்ந்தபோது நியூ கினியிலிருந்து துண்டான தீவுகளின் பறவைகள்தான் அவருக்குச் சான்று. கடன் என்ற உருவகம் 1994இல் சூழலியலாளர்கள் டேவிட் டில்மன், ராபர்ட் மே உள்ளிட்ட நால்வர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையோடு பரவியது.

> மூலத்தில் கடன் இருக்கிறது. தமிழில் கடன் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை மாற்ற என்ன அவசியம்?

ஐயா, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால்தான் தயங்குகிறேன். கடன் என்றதும் வாங்கியவர் ஒருவர் மனதில் வந்துவிடுகிறார். அடைக்க வேண்டியவரும் அவரே. இங்கே வெட்டியவர் ஒருவர், போகப்போவது ஒரு பறவை. இது மூலத்திலும் இருக்கிற குறைதானே என்று கேட்கலாம். சரி, ஆனால் தமிழில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடன் என்றால் கடமை என்ற பொருள் நமக்கு இன்னும் செத்துப்போகவில்லை. நீத்தார் கடன் என்றால் இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. அதன் பக்கத்தில் 'அழிவுக் கடன்' என்று வைத்தால், அழிந்துபோன இனத்துக்கு நாம் ஏதோ திதி கொடுக்கப்போகிறோம் என்றுதான் புதிதாகப் படிப்பவருக்குத் தோன்றும். இந்தக் கருத்தின் உயிரே அந்த இனம் இன்னும் சாகவில்லை என்பதில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல்லில் வருகிறது. இழையில் ஒருவர் கொடுத்த மாதிரி வாக்கியத்தைப் பாருங்கள்.

> அந்தப் புல்வெளி தன் அழிவுக் கடனை அடைத்துவிட்டது.

கடன் அடைந்தால் நல்ல செய்தி. படிப்பவர் பெருமூச்சு விடுவார். நடந்ததோ, போக வேண்டிய செடிகள் எல்லாம் போய்விட்டன என்பது. இது வெறும் நடைக் குறை என்று தள்ள முடியாது, ஆய்விலேயே இந்தக் குழப்பத்துக்கு இடம் இருக்கிறது. எஸ்தோனியாவில் சாரமா, முஹு தீவுகளின் சுண்ணாம்புப் பாறைப் புல்வெளிகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. அத்தகைய புல்வெளியையே நம்பி வாழும் தாவர இனங்களின் எண்ணிக்கை இன்றைய பரப்போடு பொருந்தவில்லை. 1930களில் அந்தப் புல்வெளிகள் எவ்வளவு பரந்திருந்தன, எப்படி இணைந்திருந்தன என்பதோடு பொருந்தியது. எழுபது ஆண்டுக்கு முந்தைய நிலத்தின் கணக்கை இன்றைய செடிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. அதே ஆண்டு பெல்ஜியத்தின் அதே வகைப் புல்வெளிகளைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வு, அப்படிப்பட்ட நிலுவைக்குச் சான்று இல்லை என்றது. இந்த 'இல்லை'யை எப்படி எடுத்துக்கொள்வது? துண்டுகளில் இனங்கள் நன்றாகத் தாக்குப்பிடிப்பதாலும் இல்லாமல் இருக்கலாம். போக வேண்டியவை எப்போதோ போய்விட்டதாலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே வினையால் சொன்னால் அறிக்கையைப் படிக்கும் அதிகாரி தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

அதனால் இரண்டு வினை வேண்டும் என்கிறேன். இனங்கள் அற்றுப்போய் எண்ணிக்கை குறைந்தால் 'நிலுவை கழிந்தது'. வாழிடத்தை மீட்டு, அந்த இனங்கள் நிலைக்கும்படி செய்துவிட்டால் 'நிலுவை தள்ளுபடியானது'. வழக்கையும் தள்ளுபடி செய்கிறோம், கடனையும் செய்கிறோம். நிலுவை என்ற சொல்லும் அந்த இரண்டு இடத்திலும் புழங்குகிறது. நிலுவையில் உள்ள வழக்கு என்றால் முடிவு எழுதப்படவில்லை, இன்னும் வாதாடலாம் என்று அர்த்தம். இந்த அறிவியல் கருத்துக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. நான் நிலுவைக்கு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அந்த வாசல் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரேசிலில் மனாவுஸ் அருகே, 100 ஹெக்டேர் அளவுள்ள காட்டுத் துண்டுகள் தரைமட்டப் புதர்ப்பறவை இனங்களில் பாதியைப் 15 ஆண்டுக்குள் இழப்பதாக 2003இல் கணக்கிட்டார்கள். கென்யாவின் காக்கமேகா காட்டில் 1,000 ஹெக்டேர் துண்டுக்கு அதே பாதி இழப்பு சுமார் 50 ஆண்டு எடுக்கும் என்று 1999இல் ஒரு மதிப்பீடு வந்தது. துண்டு பெரிதானால் அவகாசமும் நீள்கிறது. இந்த இடைக்காலத்துக்கு (ஆங்கிலத்தில் relaxation time) நம் பழைய பட்டியலில் 'தளர்வுக் காலம்' என்று இருப்பதைக் கவனித்தேன். சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு. இனங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் யார் எங்கே தளர்ந்து ஓய்வெடுக்கிறார்கள்? நிலுவை என்று எடுத்துக்கொண்டால் இது தானாகவே 'நிலுவைக் காலம்' ஆகிவிடும், தனியாக மண்டையை உடைக்க வேண்டாம்.

> 'அருகிவரும் இனம்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதையொட்டி 'அருகல் கடன்' என்று வைக்கலாமே?

வேண்டாம் அம்மா. அருகல் என்றால் எண்ணிக்கை குறைவு. டில்மன் குழுவின் கணித மாதிரி சொன்ன திடுக்கிடும் சேதியே இதற்கு நேர்மாறானது. போட்டியில் வல்லவையாக, எங்கும் மிகுதியாகத் தெரியும் இனங்களே முதலில் போகக்கூடும் என்றார்கள். அவை இடம்விட்டு இடம் பரவுவதில் மந்தம், நிலம் துண்டானால் அடுத்த துண்டைப் போய்ச் சேர முடியாது. இன்று மலிந்து கிடப்பதால் எந்த அருகிய இனப் பட்டியலிலும் அவை இராது. 'அருகல்' என்று பெயர் வைத்தால் அவற்றைத்தான் முதலில் விட்டுவிடுவோம்.

ஒற்றை இனத்தின் தொகைக்கு, அதாவது ஓரிடத்தில் வாழும் அதன் உயிர்களின் கூட்டத்துக்கு (population), இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி வந்திருந்தது. பயன்படுத்தலாம், ஓர் ஆற்றிலோ ஒரு துண்டிலோ அந்தத் தொகை அற்றுப்போவதைப் பற்றிப் பேசும்போது. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஐரோப்பிய ஆறுகளின் நன்னீர் முத்துச்சிப்பி. நூறு ஆண்டுக்கு மேல் வாழும் உயிர். அதன் இளம் பருவம் சால்மன், டிரவுட் மீன்களின் செவுளில் ஒட்டி வளர்ந்து, பிறகு ஆற்றடிச் சரளைக்குள் புதைந்து பல ஆண்டு கழிக்க வேண்டும். சரளையின் இடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டால் மூச்சுக்காற்று இல்லாமல் குஞ்சுகள் செத்துவிடும். கிழட்டுச் சிப்பிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆற்றில் இறங்கி எண்ணினால் ஆயிரக்கணக்கில் இருக்கும், குஞ்சு மட்டும் ஒன்றுகூட இருக்காது. தலைகளை எண்ணும் கணக்கெடுப்புக்கு இது நலமான தொகை. வயதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலுவை தெரியும்.

இதே நிலையில் மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் மரங்களை, கோஸ்டா ரிக்காவில் பல்லாண்டு ஆய்வு செய்த டேனியல் ஜான்சன் உயிரோடிருக்கும் பிணங்கள் என்றார். அதற்கு 'நடைபிணம்' என்ற சொல் தயாராக இருக்கிறது என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். நல்ல சொல்தான், ஆனால் மரம் நடக்காது. போகட்டும், அதைவிட எனக்கு உறுத்துவது தீர்ப்பு எழுதிவிட்ட தொனி. நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளின் கறுப்பு ராபின் பறவை 1980இல் ஐந்தே ஐந்து, இனப்பெருக்கம் செய்த பெட்டை ஒன்றே ஒன்று. அது மீண்டது. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் கடைசி ஆணான சூடான் 2018இல் இறந்தபின் மிஞ்சியது இரண்டு பெண்கள் மட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது நியாயமில்லை.

இனி 'அழிவு நிலுவை' என்ற பெயரின் முதல் பாதி. 'அழிவு' என்பதில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். வாழிட அழிவு என்று காரணத்தையும், இன அழிவு என்று விளைவையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். போதாக்குறைக்கு 'இன அழிவு' என்றதும் மனிதர்களுக்கு நேர்ந்த கொடுமைதான் நினைவுக்கு வருகிறது. 'அற்றுப்போதல்' பொருளுக்கு மிகச் சரி, ஆனால் 'அற்றுப்போகும் நிலுவை' என்று சேர்த்தால் நிலுவையே அற்றுப்போவதாகப் படிகிறது. 'மறைவு' கூடாது. நியூசிலாந்தின் டகாஹே பறவை அரை நூற்றாண்டாகக் கண்ணில் படாமல் மறைந்திருந்து 1948இல் மீண்டும் அகப்பட்டது. மறைந்தது, அழியவில்லை. ஆகவே காரணத்துக்கு எப்போதும் 'வாழிட இழப்பு' என்றே எழுதிவிட்டு, அழிவை இனங்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். பட்டியல் முழுக்க இந்த ஒழுங்கைப் பிடித்தால் போதும்.

கடன் கட்சியினர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதற்கு எதிர்ப்புறமும் ஒரு கருத்து இருக்கிறது. மீட்டெடுத்த காட்டுக்கு, அல்லது சூடேறிவரும் ஒரு மலைச்சரிவுக்கு, வரக்கூடிய இனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. 2010இல் ஜாக்சன், சாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டையும் ஒரே தராசில் வைத்து எழுதினார்கள்: போக வேண்டியவை போகவில்லை, வர வேண்டியவை வரவில்லை, அதனால் இன்றைய இன எண்ணிக்கை இரு பக்கமும் ஏமாற்றும். கடனுக்கு இணையாக அங்கே எதை வைப்பீர்கள்? ஆங்கிலத்தில் அது immigration credit. 'குடியேற்ற வரவு' என்றால் வந்துவிட்டதாகப் பொருள்படும். நிலுவைக்கு இந்தத் தொல்லை இல்லை. கொடுக்க வேண்டியதும் நிலுவை, வர வேண்டியதும் நிலுவை. அழிவு நிலுவை, வரவு நிலுவை. மரம் நட்டு ஐந்தாண்டில் பறவை வரவில்லை என்று திட்டத்தையே கைவிடுகிறவர்களிடம் காட்ட இந்த இரண்டாவது சொல் நமக்கு அவசரமாகத் தேவை.

பதிவுக்கான வரைவு:

அழிவு நிலுவை: கடந்தகால வாழிட இழப்பு அல்லது சூழல் மாற்றத்தின் விளைவாக, இன்றைய நிலைமை மாறாவிட்டால் ஓரிடத்தில் அற்றுப்போகக்கூடிய, ஆனால் இன்னும் அங்கே வாழும் இனங்களின் எண்ணிக்கை. ஒற்றை இனத்தின் வட்டாரத் தொகைக்கும் வழங்கலாம்.

'மாறாவிட்டால்' என்பதை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள். 'தொகை'யா 'குடித்தொகை'யா என்ற பஞ்சாயத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஈழத்துப் பாடநூல்களில் குடித்தொகை நன்றாகவே புழங்குகிறது, எனக்கு அதில் மறுப்பில்லை.

அன்புடன்