கலிஸ் வாளின் ‘கங்யா’வுக்கு என்ன சொல் வைப்பது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் வாள்களுக்கான சொற்பட்டியல் பற்றி வந்த மடல்களை எல்லாம் நேற்றிரவு உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். வாள்களின் பெயர்களைத் தமிழாக்குவதிலேயே நம் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அவற்றை அந்த மக்கள் சொல்கிறபடியே விட்டுவிட்டு, உறுப்புகளுக்கும் கொல்லுவேலைக்கும் தமிழ்ச்சொல் காண்பதுதான் முதல் வேலை என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

> கலிஸுக்கு ‘அலைவாள்’ என்று வைத்துவிடலாம். படத்தைப் பார்த்தவுடன் விளங்கும். ‘நெளிவாள்’ என்றாலும் சரி.

படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் ஐயா. ஆனால் தெற்குப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவிலும் சூலுத் தீவுகளிலும் வாழும் மொரோ மக்களின் கலிஸ்களில் நேரான அலகு கொண்டவை ஏராளம். அடிப்பக்கம் நெளிந்து, முனையை நோக்கிப் போகப் போக நேராகிவிடுபவையும் உண்டு. எல்லாமே கலிஸ்தான். ‘அலைவாள்’ என்று வைத்துவிட்டால் நாளைக்கு யாராவது ‘நேரான அலைவாள்’ என்று எழுத வேண்டிவரும்.

கலிஸைக் கலிஸாக்குவது நெளிவு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் வாய் (வெட்டும் ஓரம்) உள்ள அலகு, பிடியை நெருங்கும்போது ஒரு பக்கம் கூடுதலாக நீண்டு அகன்றுவிடும். அந்த அகன்ற அடியில் குறுக்காக ஒரு தனி இரும்புத்துண்டு பொருந்தியிருக்கும். அதுதான் கங்யா. பழைய வாள்களில் இதைத் தனியாக அடித்து, நடுவில் துளை போட்டு, அலகின் வால் வழியாக ஏற்றி இறுக்கியிருப்பார்கள். (பிடிக்குள் நுழையும் பகுதியை இங்கே ‘வால்’ என்கிறேன்.) பொருத்திய இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். அந்தக் கோடு பழைய கலிஸ்களில் நேராகப் போகும். பிந்தையவற்றில் ஓர் ஓரத்தில் சாய்வாக மடங்கும். வாளின் காலத்தைக் கணிக்க விரும்புகிறவர்கள் முதலில் பார்க்கிற இடங்களில் இதுவும் ஒன்று. இன்னும் பிந்தியவற்றில் கங்யா பெரும்பாலும் தனித்துண்டாக இருப்பதில்லை; அலகோடு ஒன்றாக அடித்துவிட்டு, கோட்டை மட்டும் கீறிவிடுகிறார்கள். ஓர் அருங்காட்சியகக் குறிப்பைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் இந்த ஓர் உறுப்புக்குச் சொல் இல்லாமல் நகரவே முடியாது.

> கங்யா = கைக்காப்பு. ஏற்கெனவே இருக்கிற சொல், புதிதாக எதற்கு?

கைக்காப்பு நல்ல சொல்தான். பிடிக்கும் அலகுக்கும் நடுவே நின்று கையைக் காக்கிற எல்லா அமைப்புக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கங்யா எதிரியின் வாளைத் தடுப்பதோடு நிற்பதில்லை, அலகின் தொடர்ச்சியாகவே கண்ணுக்குத் தெரிகிறது. பட்டியலில் உள்ள காம்பிலான் என்ற நீண்ட வாளுக்கும் கைக்காப்பு உண்டு, அது வேறு மாதிரி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வேறுபாடு தொலைந்துவிடும்.

நான் முன்வைக்கும் சொல் ‘தோள்பூண்’. உலக்கைக்குப் பூண் போடுகிறோம், கைத்தடிக்குப் பூண், மாட்டுக் கொம்புக்குப் பூண். தனியாகச் செய்து, ஏற்றி, இறுக்குகிற உலோகம் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கங்யாவைப் பொருத்துகிற முறையும் அதேதான். அலகு தோள்போல அகலும் இடத்தில் அமர்வதால் தோள்பூண். புணர்ச்சிப்படி ‘தோட்பூண்’ என்று எழுத வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள், அது சரியும்கூட. ஆனாலும் முதன்முறை படிப்பவருக்குத் ‘தோள்’ கண்ணில் பட வேண்டும் என்பதால் பிரித்தே எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தோள்பட்டை என்றுதானே எழுதுகிறோம்.

அடுத்தது அசங்-அசங் என்ற உறுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கலிஸின் வரலாறே இந்தச் சின்ன உறுப்பில் இருக்கிறது.

ஜாவாவின் கெரிஸிலிருந்து கிளைத்ததுதான் கலிஸ். 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்த அதே இந்தோனேசியக் கெரிஸ். அது குத்துவதற்கான ஆயுதம். அலகு குறுகலானது, வால் மெல்லிய உருளை, பிடியைத் திருகிக்கூடத் திருப்பலாம். குத்துவதற்கு அது போதும். மொரோ கொல்லர்கள் அதையே நீட்டி, அகலமாக்கி, வீசி வெட்டுகிற வாளாக மாற்றினார்கள். வீசி வெட்டும்போது உருண்டை வால் பிடிக்குள் சுழலும், கை நழுவும். அதனால் வாலைச் சதுரமாகவும் பட்டையாகவும் அடித்தார்கள். அதோடு, தோள்பூணை அணைத்துப் பிடித்து, இரு முனையும் பிடிக்குள் மறைகிற உலோகக் கவ்விகளைச் சேர்த்தார்கள். இவைதான் அசங்-அசங். ஒரு பக்கம் மட்டும் உள்ளவையும் இருக்கின்றன, இரு பக்கமும் உள்ளவையும் இருக்கின்றன. செம்பு, பித்தளை, வெள்ளி என்று உடையவரின் வசதிக்கேற்ப மாறும்.

பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் மீனின் செவுளுக்கு ‘ஹாசங்’ என்று பெயர். அசங்-அசங்கிலும் எனக்கு அதே சொல்தான் கேட்கிறது. வாளின் கழுத்தோரம் வளைந்து ஒட்டியிருக்கும் அந்தக் கவ்வியைப் பார்த்தால் செவுள் நினைவுக்கு வராமல் இருக்காது. கடலோரத்துக் கொல்லன் வைத்த பெயர் என்று தோன்றுகிறது. நாமும் மீன் தின்று வளர்ந்தவர்கள்தானே. ‘செவுள்பட்டை’ என்று வைப்போம். முந்தைய மடலில் வந்த ‘இணைப்புக் கவ்வி’ தவறில்லை, ஆனால் அதைக் கேட்டால் குழாய் வேலை நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. தோள்பூணின் குறுகலான முனையருகே யானையின் தும்பிக்கையும் வாயும் போல ஒரு வெட்டு இருக்கும். அதற்குத் தும்பிக்கை என்ற சொல்லே போதும்.

> காம்பிலான்: மகெல்லனைக் கொன்ற பெருவாள்.

இந்த விளக்கத்தை நீக்கிவிட வேண்டுகிறேன். கடலோடி மகெல்லன் 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவுக் கரையில் நடந்த சண்டையில் இறந்தார்; அதை நேரில் கண்டு எழுதியவர் அவரோடு கப்பலில் வந்த பிகஃபெட்டா. மகெல்லனின் இடக்காலில் வெட்டியது வளைவாளைப் போன்ற, ஆனால் அதைவிடப் பெரிய ஆயுதம் என்பதே அவர் தரும் வருணனை. உள்ளூர்ப் பெயர் எதையும் அவர் சொல்லவில்லை. காம்பிலான்தான் என்று பலரும் பிற்காலத்தில் நம்புகிறார்கள். நம்பிக்கையை அகராதிப் பொருளாக வைக்கக் கூடாது. இப்படி எழுதலாம்: ‘ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள, ஒருபக்க வாய் கொண்ட, முனையை நோக்கி அகலும் வாள், மரானாவோ, மகிந்தனாவோ, இரானுன் மக்களுடையது, பிடியின் கடைசி விலங்கின் திறந்த வாய்போலப் பிளந்திருக்கும்.’ பல காம்பிலான்களில் முனையருகே முதுகுப்பக்கம் சின்ன நீட்டல் ஒன்று இருக்கிறது. அதை ‘முள்’ என்று சொன்னால் போதும்.

பட்டியலில் உள்ள பாரோங் என்ற வாள் பற்றி ஓர் எச்சரிக்கை. பிலிப்பைன்ஸ் ஆண்கள் திருமணத்துக்கு அணியும் மெல்லிய பூவேலைச் சட்டைக்கும் பாரோங் தகலோக் என்றுதான் பெயர். அதனால் பட்டியலில் ‘பாரோங் வாள்’ என்றே இருக்கட்டும். தௌசுக், சாமா, யக்கான் மக்களின் இந்த வாளுக்கு அலகு இலைபோல் நடுவில் அகன்றிருக்கும், முதுகு நல்ல தடிமன். பிடிக்குமிழ் கக்காத்துவா (கொண்டையுள்ள கிளி) தலையைப் போலச் செதுக்கப்பட்டிருக்கும். ‘கொண்டைக்கிளிப் பிடி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மிக அழகு, எனக்கு முழுச் சம்மதம்.

போலோ என்ற கத்தியை ‘அரிவாள்’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அரிவாள் என்றால் நமக்கு உள்வளைவு தெரிந்தாக வேண்டும். போலோக்களில் பல, முனைப்பக்கம் வயிறு தள்ளியவை. தேங்காய் வெட்டவும் புதர் அழிக்கவும் வீட்டில் கிடப்பவை, போர் வந்தால் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள். ‘வெட்டுக்கத்தி’ பொருந்தும். தகலோகில் இதாக் என்பதும் ஏறக்குறைய இதுதான்.

அப்புறம் கொல்லுவேலைச் சொற்கள். இங்கே நாம் புதிதாக உருவாக்க வேண்டியது குறைவு. கொல்லரை அங்கே பன்டாய் என்கிறார்கள், அவரது உலைக்களம் பன்டாயன். இரும்பு அங்கே வெகுகாலம் கடல் வழியாக வந்த சரக்கு. 1225இல் சீன அதிகாரி சாவ் ருகுவா எழுதிய நூலில் பிலிப்பைன்ஸில் இருந்ததாகக் கருதப்படும் மா-யி என்ற தீவுநாட்டுக்குச் சென்ற வணிகப் பொருள்களில் இரும்பாலானவையும் இருக்கின்றன. கிடைத்த இரும்பை வீணாக்காமல், வாய்க்கு வலுவான உருக்கும் உடலுக்கு மெல்லிரும்புமாக அடுக்கி அடிக்கப் பழகினார்கள். இதற்கு ‘அடுக்கடிப்பு’ என்று வைக்கலாமா? ‘பல்லடுக்கு உலோகப் பிணைப்பு’ என்று வந்த சொல் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது.

இன்றைய பன்டாய்கள் பெரும்பாலும் ஜீப், லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி அடிக்கிறார்கள், ‘மோல்யே’ என்பார்கள். நம் ஊர் அரிவாள் பட்டறைகளிலும் லாரிப் பட்டைதான். ஆகவே மோல்யேவுக்குப் ‘பட்டை’, காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ நனைப்பதற்குத் ‘தோய்ச்சல்’, அதனால் வரும் உறுதிக்குப் ‘பதம்’. ‘வெப்பவழிக் கடினமாக்கல்’ வேண்டாம். தோய்ச்சல் அகராதியிலேயே இருக்கிற சொல், நாம்தான் மறந்துவிட்டோம்.

உறைக்கு உறையே போதும். ஆனால் இரண்டு மரப்பலகையைச் சேர்த்துப் பிரம்பால் வரிந்து கட்டும் அந்த அமைப்பில், வரிகிற பிரம்புக்குத் தனிச்சொல் தேவைப்படுகிறது. ‘வரிகட்டு’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். கூடை பின்னுகிறவர்களோடு பழகிய யாராவது குழுமத்தில் இருந்தால், அவர்கள் சொல்கிற சொல்லைக் கேட்டு எழுதுங்கள், இதை அழித்துவிட்டு அதைப் போடுகிறேன்.

அன்புடன்.