எண்ட் மில் முனையில் 0.04 மி.மீ. ரன்அவுட் (சுழலும்போது முனை விலகும் அளவு): பிழை ஸ்பிண்டிலிலா (இயந்திரத்தின் சுழல்தண்டு), ஹோல்டரிலா?

கேள்வி

பிடி 40 (BT40) டேப்பர் (ஹோல்டர் உட்காரும் கூம்பு) கொண்ட மில்லிங் இயந்திரத்தில், ஈஆர் 32 (ER32) கோலெட் (கருவியை இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட உறை) ஹோல்டரில் 10 மி.மீ. இரண்டு பல் கார்பைடு எண்ட் மில்லைப் (சுழன்று வெட்டும் கருவி) பிடித்து ஸ்லாட் வெட்டினால், அகலம் 10.04 வரை வந்துவிடுகிறது. ஒரு பல் மழுங்கிய பிறகும் மற்றொன்று ஏறக்குறைய புதிதாகவே இருக்கிறது. ஸ்பிண்டில் டேப்பரின் உட்புறத்தில் லீவர் டயலை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் 3 மைக்ரான்தான் (0.003 மி.மீ.) காட்டியது. கோலெட்டை மாற்றியும் பலன் இல்லை. அடுத்து எதைச் சோதிப்பது?

மறுமொழி 1

ஒரு பல் மட்டும் தேய்வதில் வியப்பில்லை. பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீட் (முன்னேற்றம்) கொடுத்திருந்தால், மையவிலகல் (கருவியின் மையம் சுழல்மையத்திலிருந்து நகர்ந்திருப்பது) பற்களின் திசையிலேயே விழும்போது ஒரு பல் 0.09-ம் மற்றது 0.01-ம் வெட்டும், அதாவது இரண்டாவது பல் வெட்டவே இல்லை, உரசிக்கொண்டிருக்கிறது.

முதலில் எண்ட் மில்லை எடுத்துவிட்டு, கிரைண்டிங் செய்த 10 மி.மீ. நேர் பின் ஒன்றைப் பிடியுங்கள். பற்களின் மீது டயல் வைத்து எடுக்கும் அளவை நான் நம்புவதில்லை. ஸ்பிண்டில், ஹோல்டர், கோலெட் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் மார்க்கரால் புள்ளியிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் மட்டும் சுற்றி, கோலெட்டை இறுக்கும் நட்டின் அருகிலும் 60 மி.மீ. தள்ளியும் உச்சப் புள்ளி எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹோல்டரைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டுங்கள். பிடி டேப்பரில் டிரைவ் கீ (ஹோல்டரைச் சுழற்றும் கட்டை) இரண்டு இருப்பதால் இது முடியும். உச்சம் ஹோல்டர் புள்ளியோடு நகர்ந்தால் பிழை ஹோல்டர் பக்கம், ஸ்பிண்டில் புள்ளியோடு நின்றால் பிழை ஸ்பிண்டில் பக்கம். லீவர் டயலின் முனை பரப்புக்கு ஏறக்குறைய இணையாக இருக்கட்டும். 30 பாகை சாய்ந்தால் உண்மையில் 0.87 பங்கு மட்டுமே இருக்கும் அசைவை அது முழுதாகக் காட்டும்.

மறுமொழி 2

அதோடு, ஹோல்டரை ஒரே நிலையில் ஐந்து முறை கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் அளவு எடுத்துப் பாருங்கள். அளவு தாவிக்கொண்டே இருந்தால் டேப்பர் சரியாக உட்காரவில்லை என்று பொருள்: தூசியோ, டிராபாரின் (ஹோல்டரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் தண்டு) இழுவிசை குறைந்ததோ, புல் ஸ்டட்டை (அந்தத் தண்டு பற்றிக்கொள்ள ஹோல்டரில் திருகும் முளை) அளவுக்கு மீறி இறுக்கியதால் டேப்பரின் சிறிய முனை உப்பியதோ காரணமாகலாம். உப்பியிருந்தால் நீல மை தடவிப் பார்க்கும்போது சிறிய முனையில் மட்டும் தொடர்பு தெரியும். பேரிங் தளர்ச்சி மெதுவாகச் சுற்றும்போது வெளிப்படாமலே போகலாம். ஒரு மரக்கட்டையால் ஸ்பிண்டிலை லேசாக நெம்பிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி கேட்டவர்

ஐந்து முறையும் அளவு 2 மைக்ரானுக்குள் அடங்கியது. 60 மி.மீ. தொலைவில் 0.038, ஹோல்டரை 180 பாகை திருப்பினால் 0.032, நட்டின் அருகில் 0.008 மட்டுமே. உச்சம் ஹோல்டர் புள்ளியோடுதான் சென்றது. கோலெட்டை மட்டும் திருப்பியபோது உச்சம் அசையவில்லை.

மறுமொழி 1

அப்படியானால் சராசரியான 0.035 ஹோல்டருடையது, வித்தியாசத்தில் பாதியான 0.003 ஸ்பிண்டிலுடையது, நீங்கள் டேப்பரில் கண்ட அளவோடு அது பொருந்துகிறது. தள்ளிப்போகப் போக அளவு பெருகுவதால் இது மையவிலகல் அல்ல, சாய்வு. கோலெட் மாறியும் அது போகாததால், ஹோல்டரின் உட்கூம்பை டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

கூம்பின் அடிப்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஓர் அலுமினியச் சிப் நசுங்கி ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தபோது விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. பித்தளைக் கம்பியால் சுரண்டிய பிறகுதான் வந்தது. இப்போது 60 மி.மீ. தொலைவில் 0.006.

மறுமொழி 2

அந்த ஹோல்டரில் மாட்டிய இரண்டு கோலெட்டுகளின் பின்கூம்பிலும் சிப் அழுத்திய தழும்பு விழுந்திருக்கக்கூடும். இரண்டையும் நல்ல ஹோல்டர் ஒன்றில் மாட்டி அளந்து பார்க்காமல் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.