டெலி வகை கிட்டார் கிட்: எதை முதலில் செய்வது, எதை மாற்றுவது?

கேள்வி: பீனிக்ஸ்_தம்பி, டர்பன், தென்னாப்பிரிக்கா

வணக்கம். டெலி (டெலிகாஸ்டர் என்ற மின்கிட்டார்) வடிவத்தில், பாகங்களாக வந்து நாமே பூட்டும் விலை குறைந்த கிட்டார் கிட் ஒன்று வந்திருக்கிறது. பாஸ்வுட் மரப் பாடி, பூச்சு இல்லாத மேப்பிள் மர நெக் (கழுத்து), கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு, மூன்று நிலை சுவிட்ச். நெக்கின் தலை வெட்டப்படாமல் அகலப் பலகையாகவே இருக்கிறது. பாடியில் நெக் ஸ்க்ரூவுக்கு நான்கு துளைகள் உண்டு. நெக்கிலும், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் தகடு) உட்காரும் இடத்திலும் ஒரு துளைகூட இல்லை. கம்பிகள் பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே கோக்கிற வகை.

பாடிக்குக் கருநீலச் சாயம் ஏற்றி, மேலே பளபளவென்று லாக்கர் அடிக்க எண்ணம். தைப்பூசத்துக்குள் முடிந்தால் கோயில் பஜனையில் வாசிக்கலாம். எந்த வரிசையில் போவது? பிரிட்ஜ் இடத்தை எப்படி அளப்பது? கிட்டோடு வந்த பாகங்களில் எதை மாற்றினால் கொடுத்த பணத்துக்குப் பலன் தெரியும்?

பதில்: வெருலம்_தச்சர்

தம்பி, சாய டப்பாவை இப்போது திறக்க வேண்டாம். பூச்சில்லாத வெறும் மரமாகவே முழுவதையும் பூட்டி, கம்பி கட்டி, சுருதி சேர்த்துப் பாருங்கள். குறை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பூச்சு முடிந்த பிறகு துளையை ஒரு மி.மீ. நகர்த்த வேண்டி வந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

தலையை முதலில் வெட்டுங்கள். ட்யூனர்களை (சுருதி முறுக்கும் திருகாணிகளை) துளைகளில் நிறுத்தி, அவை உட்காரும் இடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, அதற்கு வெளியே வளைவு போடுங்கள். கோப்பிங் ரம்பத்தால் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவந்தால் ஓரம் பிய்யாது.

பிரிட்ஜுக்கு அச்சடித்த தாளை நம்பாதீர்கள், உங்கள் நெக்கையே அளங்கள். நட்டின் (தலையருகே கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டின்) முன்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றின்) நடு வரை எவ்வளவோ, அதன் இரு மடங்குதான் கம்பி நீளம். டெலி அளவென்றால் 324, ஆக 648 மி.மீ. மெல்லிய முதல் கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் நகரும் துண்டை), இன்னும் 2 மி.மீ. முன்னே போக இடம் விட்டு முன்பக்கமாக நிறுத்துங்கள். அந்த சேடில் கம்பியைத் தொடும் புள்ளி 648இல் விழ வேண்டும். தடித்த ஆறாம் கம்பியின் சேடில் அதைவிட 3 முதல் 5 மி.மீ. பின்னே போகும், அதற்குத் திருகு நீளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நீளம் சரியானால் போதாது, நேர்கோடும் வேண்டும். நெக்கைக் கிளாம்பால் பிடித்து, நட்டின் முதல், ஆறாம் பள்ளங்களிலிருந்து சேடில்கள் வரை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு நூலும் பலகை ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்வரை நெக்கை அசைத்து, பிறகு பாடித் துளை வழியாக நெக்கில் குறியிடுங்கள்.

துளை விஷயம் முக்கியம். பாடியின் நான்கு துளைகளிலும் நெக் ஸ்க்ரூ தடையில்லாமல் நழுவிப் போக வேண்டும். அங்கேயும் பல் கடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி நிற்கும். மேப்பிளில் ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்குத் துளை போட்டு, பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரம் இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும், நம் கடற்கரைக் காற்றில் சொல்லவே வேண்டாம். ட்யூனரின் குட்டி ஸ்க்ரூக்கள் மெழுகில்லாமல் ஓட்டினால் தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும். பாஸ்வுட் மிருதுவானது. பிரிட்ஜ் ஸ்க்ரூவை ஒருமுறை ஓட்டிக் கழற்றி, துளையில் இரண்டு சொட்டு நீர்த்த சூப்பர் க்ளூ விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஓட்டினால் பல் தேயாது.

பதில்: சாட்ஸ்வர்த்_பாலிஷ்

தை மாதத்தில் டர்பனில் லாக்கர் அடிப்பது தப்பு. கோடையின் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. தின்னர் ஆவியாகும் வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் படிந்து, பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். கருநீலத்தின் மேல் அது அப்படியே தெரியும். அப்படி ஆனால் மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிசாக ஒரு பூச்சு தெளித்தால் பெரும்பாலும் தெளியும். ஆனால் அந்த நிலைக்கே போக வேண்டாம். இங்கே லாக்கருக்கு உகந்தது வறண்ட குளிர்மாதம், ஆடிக்குள். அடித்த பிறகும் மூன்று நான்கு வாரம் கெட்டியாக விட்டுத்தான் 1000, 2000 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தைப்பூசக் கெடுவுக்கு அது ஒத்துவராது.

கருநீலச் சாயத்தையும் யோசியுங்கள். பாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் தொழிற்சாலையிலேயே சீலர் (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) பூசியிருக்கிறார்கள், அதைத் தேய்த்து எடுக்காமல் சாயம் ஏறாது. எடுத்தாலும் பாஸ்வுட் சாயத்தைத் திட்டுத்திட்டாகவே குடிக்கும், வெட்டுமுனைகள் இன்னும் கறுக்கும். ரேகையும் அழகில்லாத மரம். அதற்கு ஒரே நிற பெயின்ட்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். சாயம்தான் வேண்டுமென்றால் 180, 240, 320 என்று தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை மறுபடி 320ஆல் வெட்டிவிட்டு ஏற்றுங்கள். மேலே துடைத்துப் பூசும் எண்ணெய் வார்னிஷ் மெல்லிசாக ஐந்தாறு தரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. கண்ணாடிப் பளபளப்பு வராது, ஆனால் வெளுக்காது.

நெக்கை வெறுமனே விடாதீர்கள். பூச்சில்லாத மேப்பிள் வியர்வையில் அழுக்கேறும், ஈரத்துக்குத் தக்கபடி வளையும். அதே எண்ணெய் மூன்று பூச்சு போதும். நெக் உட்காரும் குழிக்குள் மட்டும் எதுவும் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள்.

பதில்: சால்டர்_அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மின்பாகங்களில் முதலில் மாற்ற வேண்டியது சுவிட்சும், கேபிள் செருகும் ஜாக்கும். மலிவு கிட்டில் முதலில் கரகரப்பது அவைதான். பிக்கப்பைக் கடைசியில் யோசிக்கலாம். மல்டிமீட்டரில் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டினால் காயில் நலமாக இருக்கிறது. பாட் (ஒலி, டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள மாறும் மின்தடை) 250 கிலோ ஓம், டோன் கெப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். 0.022 போட்டால் டோனை முழுக்கக் குறைத்தாலும் ஒலி அவ்வளவாக மங்காது.

பலர் மறப்பது பிரிட்ஜின் எர்த் ஒயர். பிக்கப் குழியிலிருந்து பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் ஒரு சிறு துளை போட்டு, தோல் உரித்த ஒயரைத் தகட்டுக்குக் கீழே நசுங்கும்படி விடுங்கள். அங்கே பூச்சு இருக்கக் கூடாது. பிறகு கம்பிக்கும் ஜாக்கின் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

இரைச்சலைப் பிரித்தறிய ஒரு வழி: கம்பியைத் தொட்டதும் குறைந்தால் எர்த் சரி, குழிகளுக்குச் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் இன்னும் அடங்கும். தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரு ஒயரும் மாறியிருக்கின்றன. சுவிட்ச் நடுவில் இருக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போலிருந்தால் பிக்கப்புகள் எதிரெதிர்க் கட்டத்தில் (ஒன்றின் அலை மற்றதை அழிக்கும்படி) இருக்கின்றன. பிரிட்ஜ் பிக்கப்பின் இரு ஒயர்களை மாற்றுங்கள். அதன் அடியில் உலோகத் தகடு இருந்தால், எர்த் ஒயரோடு அதை இணைக்கும் துண்டைப் பிரித்துத் தகட்டுக்குத் தனி எர்த் கொடுக்க வேண்டும். நெக் பிக்கப்பின் உலோக மூடிக்கும் இதே கதைதான், அதனால் அதை விட்டுவிடுவது சுலபம்.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசித்து, இரைகிறதே என்று கிட்டாரைக் கழற்றாதீர்கள். சுத்த சைன் அலை தராத இன்வெர்ட்டர் எந்தக் கிட்டாரையும் இரைய வைக்கும்.

பதில்: பெனோனி_ஃப்ரெட்

அக்கா சொன்ன சுவிட்சுக்கு முன்னால் நட்டையும் ஃப்ரெட்டையும் பாருங்கள். இந்த விலைக் கிட்டுகளில் நட்டின் பள்ளம் பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். முதல் மூன்று ஃப்ரெட்டில் கார்டு பிடித்தால் சுருதி ஏறும். ஆட்கள் ட்யூனரைக் குறை சொல்லி அதை மாற்றுவார்கள், குறை அப்படியே நிற்கும். கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையும் இடம், 0.1 மி.மீ., போதும். பள்ளத்தை அதிகமாக இறக்கிவிட்டால் சமையல் சோடாவைத் தூவி சூப்பர் க்ளூ விட்டு நிரப்பி மறுபடி அரம் போடலாம்.

ஃப்ரெட்டுக்கு, முதலில் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும், வளைவு திருத்தும் உலோகத் தண்டை) திருகி நெக்கை நேராக்குங்கள், ஒரு தரத்துக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பழைய வங்கி அட்டையின் விளிம்பை மூன்று மூன்று ஃப்ரெட்டாக வைத்துப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். அரத்தை எடுக்குமுன் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். பிறகு 7ஆம் ஃப்ரெட்டில் 0.2 மி.மீ. வளைவு, 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.6 முதல் 2 மி.மீ.

கிட்டாரை எங்கள் பக்கம், கடலுக்குத் தள்ளிய உள்நாட்டு மேட்டுநிலமான பெனோனிக்கு, கொண்டுவந்தால், குளிர்கால வறட்சியில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். உலோகம் சுருங்காது, மரம் சுருங்கும், அவ்வளவுதான். முனைகளை அரத்தால் லேசாகத் தட்டிவிட வேண்டும்.

பீனிக்ஸ்_தம்பி

நன்றி ஐயா, அக்கா, அண்ணா. பாடிக்கு ஒரே நிறக் கருநீலப் பெயின்ட், நெக்குக்கு எண்ணெய். பாடிப் பூச்சை ஆடிக்குத் தள்ளிவிட்டேன். இன்று கம்பி கட்டிப் பார்த்தேன். சேடில்கள் அடிவரை இறங்கிவிட்டன, 12ஆம் ஃப்ரெட்டில் இன்னும் 3 மி.மீ. இருக்கிறது. நெக் நேராகத்தான் இருக்கிறது. பாடியைச் செதுக்க வேண்டுமா?

வெருலம்_தச்சர்

வேண்டாம் தம்பி. நெக்கைக் கழற்றி, குழியில் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் 0.5 மி.மீ. தகடு வைத்துப் பூட்டுங்கள். நெக் பின்னே சாயும், கம்பி இறங்கும். சோதித்துப் பார்க்க மட்டும் அட்டைத் துண்டு போதும். சரியான கனம் தெரிந்ததும், குழி முழுவதையும் மூடும் அளவுக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) வெட்டி, ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் ஒன்றுமில்லாதபடி சரிவாகத் தேய்த்து வையுங்கள். அட்டையையே நிரந்தரமாக விட்டால் நடுவில் வெற்றிடம் நின்று, நாளடைவில் நெக்கின் கடைசி நான்கைந்து ஃப்ரெட் மேலே எழும்பிக்கொள்ளலாம்.