மாமனார் காரில் கேட்கும் ரேடியோ விவாதம், பொண்ணோட பேச்சே மாறிடுச்சு

என் பொண்ணுக்கு 9 வயசு. தினமும் காலையில மாமனார்தான் கார்ல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறார், 25 நிமிஷம். வழி முழுக்க ரேடியோவுல நேரலை அரசியல் விவாதம். 6 மாசமா இப்படித்தான்.

நேத்து சாப்பிடும்போது அவ தம்பி ஏதோ சொல்ல வந்தான். இவ கையை நீட்டி, "உங்க நேரம் முடிஞ்சது, அடுத்த நேயர்"னு வெட்டிட்டா. அவன் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டான். போன வாரம் தொகுப்பாளர் ஒரு பெண் நேயரைத் திட்டினது பெரிய சர்ச்சையாச்சு. அந்த வார்த்தைக்கு என்கிட்ட அர்த்தம் கேட்டா. நேரலையைச் சில வினாடி தாமதிச்சு ஒலிபரப்புறது கெட்ட வார்த்தையை வெட்டத்தான். ஏளனம் அதுல சிக்காது.

பாட்டு போட்ட பென்டிரைவ் கொடுத்தேன், ரெண்டு நாள்தான் ஓடுச்சு. கணவர் பேசினார்; "உலகம் தெரியட்டும்"னு மாமனார் முடிச்சுட்டார். நேயர்கள் கொதிச்சாத்தான் போன் வரும், அதுக்காகவே தொகுப்பாளர்கள் அப்படிப் பேசுறாங்கன்னு பொண்ணுகிட்ட விளக்கினேன். "தாத்தா சிரிக்கிறாரேம்மா"ன்னா. பதில் வரல எனக்கு.

பேத்தியோட போற அந்த 25 நிமிஷம் அவருக்கு உயிர். அதை நிறுத்தவே மாட்டேன். அவர் மனசு நோகாம, அந்த நேரம் மட்டும் ரேடியோவை அணைக்க எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?