எத்தனை இலை சொல்வது?

செல்வி: பாப்பா காதுகுத்துக்குச் சமையல்காரர் இன்று ராத்திரிக்குள் இலைக் கணக்கு கேட்கிறார். இலை 200 ரூபாய். எத்தனை சொல்ல?

ரவி: 300 சொல்லுக்கா. நம் வீட்டு விசேஷங்களின் சராசரி அதுதான், கூட்டிப் பார்த்துவிட்டேன்

அத்தை: மொய் நோட்டின் கடைசிப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்ட இலையை எண்ணி எழுதி வைப்பது உங்கள் அப்பாவின் பழக்கம். ரசக்கறை பட்ட இடத்தில் இருப்பது 240. 246 என்று படித்துவிடாதீர்கள்

சித்தப்பா: ஏழு விசேஷம். சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 180, 200, 200, 210, 220, 240, 850. மொத்தம் 2,100, ஏழால் வகுத்தால் 300. ரவி போட்ட கணக்கு சரி. ஆனால் ஏழில் ஒன்றுக்குக்கூட 300-ஐ ஒட்டி ஆள் வரவில்லையே! ஆறு விசேஷம் 240-க்குள் முடிந்திருக்கிறது. அந்த 850 ஒன்றுதான் சராசரியைத் தூக்கிவிட்டது

மாலா: அது எங்கள் கல்யாணம் 😊

குமார்: கடைசிப் பந்திக்கு ரசம் தீர்ந்ததே, அதுதானே

மாலா: இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள் தம்பி

சித்தப்பா: இந்த மாதிரி இடத்துக்குத்தான் இடைநிலை அளவு. வரிசையில் நடுவில் நிற்பது நாலாவது எண், 210. கல்யாணத்துக்கு 850-க்குப் பதில் 2,000 பேர் வந்திருந்தாலும் 210 அசையாது, சராசரி 464-க்குப் போய்விடும். அதிகமுறை வந்த எண் 200, அது முகடு

அத்தை: பசியோடு யாரும் திரும்பிப் போகக் கூடாது. அவ்வளவுதான்

குமார்: அக்கா, யார் மடி?

ரவி: மூத்த மாமன் மடிதான்

குமார்: பெரியவனுக்கு நீ உட்கார்ந்தாய். அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை

செல்வி: டேய், இலை முதலில்

சித்தப்பா: நடு எண் மட்டும் போதாது, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். கல்யாணத்தைத் தனியாக வைக்கிறேன். மாலா வருத்தப்படாதேம்மா, அதில் இரண்டு வீட்டுச் சொந்தமும் கூடியது, காதுகுத்து அந்த ரகம் இல்லை. மீதி ஆறுக்குச் சராசரி 208. வீச்சு, அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், 60. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது, சுமார் 19. கல்யாணத்தைச் சேர்த்தால் அதே விலக்கம் 225! 208-க்கு மேல் ஒரு விலக்கம் வைத்தால் 227, இரண்டு வைத்தால் 246. ஆகவே 230 இலை சொல்லிவிட்டு, 250-க்கு அரிசி பருப்பு கையில் வைத்துக்கொள்ளச் சொல். 300 சொன்னால் 70 இலை, 14,000 ரூபாய் கூடுதல்

மாலா: அதில் பாப்பாவுக்கு ஜிமிக்கி வாங்கலாம் அண்ணி

சித்தப்பா: விசேஷம் ஜூன் 28. மறுநாள் புள்ளியியல் மேதை மகலனோபிஸ் பிறந்த நாள், 1893-இல் பிறந்தவர். தேசியப் புள்ளியியல் நாளே அதுதான்

அத்தை: ஒன்பதுக்குள் காது குத்திவிட வேண்டும். டிபனா சாப்பாடா?

செல்வி: சாப்பாடுதான் அத்தை

ரவி: சம்பந்தி வீட்டார் 40 பேர் என்கிறார்கள். நோட்டில் அவர்கள் உண்டா?

சித்தப்பா: நல்ல கேள்வி. அக்கா?

அத்தை: இரண்டு விசேஷத்துக்கு வந்தார்கள். மற்றதற்குப் பேச்சு இல்லாமல் இருந்ததே

குமார்: 😐

செல்வி: அப்போ 250 சொல்லட்டுமா?

அத்தை: 260

சித்தப்பா: அந்த இரண்டு விசேஷம் எது என்று சொல் அக்கா, திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்

செல்வி: சமையல்காரர் கூப்பிடுகிறார், இருங்கள்

குமார்: மடி?