எம்எச் 370: டியேகோ கார்சியா ஊகத்திற்கு என்ன விடை சொல்வது?

கேள்வி: கிள்ளான் வாசகன்

வணக்கம். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்எச் 370 விமானம் 239 பேருடன் மறைந்தபோது நான் பள்ளி மாணவன். அந்த விமானம் கடலில் விழவில்லை, இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் டியேகோ கார்சியா தீவிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தில் இறக்கப்பட்டது என்று என் தாய்மாமா அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறார். மாலத்தீவின் குடா ஹுவாதூ தீவு மக்கள் அன்று காலையில் தாழப் பறந்த பெரிய விமானம் ஒன்றைக் கண்டதாகக் கூறியதையும், விமானம் மறைந்த பிறகும் பயணிகளின் கைப்பேசிகளில் மணி அடித்ததாக உறவினர்கள் கூறியதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். மாமாவிடம் வாதிட்டு வெல்வது என் நோக்கமன்று. அவர் கேட்பதற்கு நேரான விடை இருந்தால் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: அலைவரிசை

தம்பி, கைப்பேசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயணிகள் உயிருடன் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைக் குடும்பங்களுக்கு ஊட்டி அவர்களை மிகவும் வதைத்தது அதுதான். நாம் ஒருவரை அழைக்கும்போது நம் காதில் விழும் மணியொலி அவருடைய கருவியிலிருந்து வருவதில்லை. அவரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொலைபேசி வலையமைப்பே நமக்கு அனுப்பும் ஒலி அது. எதிர்முனைக் கருவி செயலற்றுப் போயிருந்தாலும் சிறிது நேரம் கேட்கக்கூடும்.

டியேகோ கார்சியாவுக்கு வருவோம். அதிகாலை 1.21 மணியளவில் விமானத்தின் அடையாளத்தைத் தரை ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி ஓய்ந்தது, 2.22க்கு மலேசிய ராணுவ ரேடார் அதை அந்தமான் கடற்பகுதியில் கடைசியாகக் கண்டது. ஆனால் விமானத்திலிருந்த செயற்கைக்கோள் தொடர்புக் கருவி காலை 8.19 வரை இன்மார்சாட் செயற்கைக்கோளுடன் சமிக்ஞைகளைப் பரிமாறிக்கொண்டிருந்தது. இடத்தைச் சொல்லும் தகவல் எதுவும் அவற்றில் இல்லை. எனினும் பதில் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் பதிவாகியிருந்ததால், ஒவ்வொரு முறையும் விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் கணக்கிட முடிந்தது. அத்தொலைவில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரைந்த கோடுகளில் கடைசியானதைத்தான் ஏழாவது வளைகோடு என்கிறார்கள்.

அந்தச் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 64.5 பாகை கிழக்கில் இருந்தது. அதற்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து டியேகோ கார்சியா சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது; குடா ஹுவாதூ இன்னும் அருகில். ஏழாவது வளைகோடோ 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடுகிறது. 8.19க்கு விமானம் டியேகோ கார்சியாவில் நின்றிருந்தால் பதில் அவ்வளவு தாமதமாக வந்திருக்க முடியாது. மாமாவிடம் ஓர் உலக உருண்டையை வைத்து இதைக் காட்டிப் பாருங்கள்.

வடக்கே கஜகஸ்தான் வரையிலும் ஒரு பாதை சாத்தியம் என்று முதல் இரு வாரங்கள் பேசப்பட்டதை அவர் நினைவுபடுத்தினால், அதற்கும் விடை உண்டு. வயதான அந்தச் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிலைத்திராமல் வடக்கும் தெற்குமாகச் சற்றே அசைந்துகொண்டிருந்தது. அந்தச் சிறு அசைவினால் அலைவெண்ணில் உண்டான மாற்றம் தெற்குப் பாதையோடு மட்டுமே பொருந்தியது. மறைந்த விமானத்தைத் தேடுவதற்கென்று எவரும் வடிவமைக்காத ஒரு கருவியின் பதிவிலிருந்து பொறியாளர்கள் இதைக் கண்டறிந்ததை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

மறுமொழி: நீரோட்டம்

மேலே சொன்னது கணக்கு. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்றும் உண்டு. 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் பின்விளிம்புப் பகுதியான பிளாப்பரான் ஒதுங்கியது. அதனுள் இருந்த எண்களைத் தயாரிப்பாளரின் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, அது எம்எச் 370க்கு உரியதே என்று பிரெஞ்சு விசாரணை அதிகாரிகள் உறுதி செய்தார்கள். தான்சானியாவின் பெம்பா தீவில் 2016இல் கிடைத்த மற்றொரு இறக்கைத் துண்டை ஆய்ந்த ஆஸ்திரேலிய நிபுணர்கள், கடைசி நேரத்தில் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்புத் தகடு (பிளாப்) பெரும்பாலும் தரையிறங்கும் நிலைக்கு விரிக்கப்படாமலே இருந்தது என்று கண்டார்கள்.

இருந்தும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவிய தேடல் 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் ஏறக்குறைய அதே அளவு பரப்பைத் தேடியும் பயனில்லை. கடலின் ஆழத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதே என் எண்ணம். தாம்பரத்திலிருந்து 29 பேருடன் 2016 ஜூலையில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய இந்திய விமானப்படையின் ஏஎன் 32 விமானம், புறப்பட்ட இடமும் செல்லும் வழியும் தெரிந்திருந்தும், வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில்தான்.

கிள்ளான் வாசகன்

இருவருக்கும் நன்றி. உலக உருண்டையைக் காட்டினேன். மாமா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் விமானத்தைத் திருப்பியது யார்? விமானிதானே?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

மறுமொழி: பினாங்கு மடல்

இங்கே நாம் மிகுந்த பொறுப்போடு பேச வேண்டும். மலேசிய விசாரணைக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, விமானம் தானியங்கி முறையில் அன்றிக் கையால் இயக்கப்பட்டுத் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்றது. வெளியார் தலையீட்டை விலக்க முடியாது என்றது. மறைந்ததற்கான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றும் முடித்தது. விமானியின் வீட்டிலிருந்த, விமானம் ஓட்டுவதைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் பயிற்சிக் கருவியில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியைத் தொடும் பாதைப் புள்ளிகள் இருந்தன என்பது உண்மை. அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் கொலைகாரர் என்று காணொளிகளில் தீர்ப்பளிப்பதை என்னால் ஏற்க முடியாது, ஏனெனில் அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. திருட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்த இரு ஈரானியர்களையும் முதல் சில நாட்கள் தீவிரவாதிகள் என்றே உலகம் பேசியது. பிறகு அவர்கள் ஐரோப்பாவில் தஞ்சம் தேடிச் சென்றவர்கள் என்றே தெரியவந்தது.

2014 மார்ச் 24 அன்று, உயிர் பிழைத்தவர் எவரும் இல்லை என்ற செய்தியைச் சில குடும்பங்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவே பெற்றன. அவர்களில் பலர் இன்றும் தேடலைத் தொடருமாறு கேட்டுவருகிறார்கள். விமானம் எங்கே என்பதற்குத் தெற்கே, ஏழாவது வளைகோட்டின் அருகே என்று மாமாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். திருப்பியது யார் என்பதற்கு, கறுப்புப் பெட்டிகள் இன்னும் கடலடியில் கிடக்கின்றன என்று சொல்லுங்கள்.